தெருவை அறிந்தவர்கள்

(பொது மன்றம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகரங்களைப் பற்றிப் பேசப் புகுகிறவர்கள் வழக்கமாக அவற்றின் ஜனத்தொகையைச் சொல்வார்கள். சாலைகளின் நீளத்தையும், நாள்தோறும் வேண்டியிருக்கும் குடிநீரின் அளவையும், கழிவுநீர் செல்லும் குழாய்களின் விட்டத்தையும் சொல்வார்கள். இந்தக் கணக்குகள் இல்லாமல் நகர நிர்வாகம் ஒரு நாளும் நடவாது என்பதை நான் அறிவேன். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ அவற்றுள் எளிதில் அகப்படாதது. ஒரு தெருவில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர் அந்தத் தெருவை எவ்வாறு காண்கிறார், அதில் எதை அருமையென்று போற்றுகிறார், எது அகன்றால் தம் வாழ்விலேயே ஒரு பகுதி அகன்றுவிட்டதாக வருந்துகிறார் என்பதே அந்த விஷயம்.

இதை ஆராய்வது சௌந்தரிய உணர்ச்சி மிகுந்த சிலருடைய பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடியிருப்போர் தம் சுற்றுப்புறத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் பார்வை, நெடுங்காலப் பழக்கத்தினால் விளைந்த ஓர் அறிவு என்பது என் துணிபு. நிலத்தின் தன்மையைப் பாராமல் அஸ்திவாரம் போடுவது எவ்வளவு பேதைமையோ, அவ்வளவு பேதைமை அந்த அறிவைக் கேட்டறியாமல் ஒரு பேட்டையைச் சீர்திருத்த முற்படுவதும். இதை நிலைநாட்டுவதற்காக உங்களைச் சிறிது தூரம் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்கும், பின்னர் நம் சென்னைக்கும் தஞ்சைக்கும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

இத்துறையில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் கெவின் லிஞ்ச் என்னும் அறிஞர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நகரமைப்புப் பேராசிரியராக விளங்கிய அவர், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களைத் தேர்ந்துகொண்டு, பாஸ்டனில் ஏறத்தாழ 30 பேரையும் மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 15 பேர் வீதமும் அழைத்து, அவரவர் நகரத்தை ஞாபகத்திலிருந்து படமாக வரையச் சொன்னார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் கண்ணுக்குத் தெரிவதையும், காதில் விழுவதையும், மூக்குக்கு எட்டும் வாசனையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லச் சொன்னார். அந்த ஆராய்ச்சியின் பயனாக 1960 இல் வெளிவந்த அவருடைய நூலில், மனிதர் மனத்தில் பதியும் நகரச் சித்திரம் ஐந்து கூறுகளால் ஆனது என்று காட்டினார்: நடக்கும் வழிகள், இடத்தை வரையறுக்கும் எல்லைகள், தனித்தன்மை வாய்ந்த வட்டாரங்கள், வழிகள் கூடும் சந்திகள், தூரத்திலிருந்தே கண்டுகொள்ளத்தக்க அடையாளங்கள்.

இந்தப் பகுப்பு இன்று நகரமைப்பு மாணவர் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த நூலில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவை அதைவிடச் சிறிய செய்திகளே. பாஸ்டன் நகரின் நடுவிலுள்ள பெரிய பொதுத் திடலுக்கு ஐந்து பக்கங்கள் உண்டு. நாள்தோறும் அதைச் சுற்றி நடக்கிறவர்களும் அதன் வடிவத்தைச் சரியாக நினைவுகூர முடியாமல் திகைத்தார்கள். பேக் பே, சவுத் எண்ட் என்னும் இரண்டு வட்டாரங்களுக்கு இடையே முக்கோணமாக ஒரு நிலப்பகுதி இருந்தது. அது ஒருவருடைய படத்திலும் இடம்பெறவில்லை, அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட அங்கே வெற்றிடத்தையே விட்டுவைத்தார். ஜெர்சி சிட்டியில் வாழ்ந்தவர்களுக்கோ தங்கள் ஊருக்குள் குறிப்பிட்டுச் சொல்ல அடையாளங்கள் அரிதாயிருந்தன. ஆற்றுக்கு அப்பால் தெரியும் நியூயார்க் நகரின் மாடங்களே அவர்கள் நினைவில் முந்தி நின்றன. இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாதெனில், நகரம் கண்ணால் மட்டும் காணப்படுவதில்லை, காலாலும் காணப்படுகிறது; நமக்குக் காரியமும் உறவும் உள்ள இடங்கள் மனத்தில் விரிந்து ஒளிர்கின்றன, நாம் போகாத இடங்கள், அவை எவ்வளவு அருகில் இருந்தபோதிலும், இருள் சூழ்ந்துவிடுகின்றன.

லிஞ்ச் வரையச் சொன்ன படங்களில் ஒன்று குறைவுபட்டிருந்தது, அது காலம். காகிதத்தில் வரைந்த தெரு எப்போதும் ஒரே பொழுதில் நிற்கும். வாழும் தெருவோ நாழிகைக்கு நாழிகை மாறும். நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். பகலில் கூடும் நாளங்காடியையும் மாலையில் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டி, இரவின் ஒவ்வொரு யாமத்திலும் மதுரை மாநகர் எவ்வாறிருந்தது என்பதை மதுரைக்காஞ்சி வருணிக்கிறது. ஒரே நகரம் ஒரு நாளுக்குள் பல நகரங்களாவதை அந்தப் புலவர் கண்டிருக்கிறார்.

இதற்குப் பிரத்தியட்ச உதாரணமாக மயிலாப்பூரைப் பாருங்கள். கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே திருக்குளம்; கோயிலையும் குளத்தையும் சூழ்ந்து நான்கு மாட வீதிகள். வெளியூரிலிருந்து வருகிறவர் கோபுரத்தைப் பார்ப்பார், குளத்தைப் பார்ப்பார், புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அங்கே குடியிருக்கும் ஒரு மூதாட்டிக்கு அதே இடம் ஒரு பஞ்சாங்கம். மார்கழி விடியலில் வாசல்தோறும் கோலமும் பஜனை கோஷ்டியின் குரலும். தைப்பூசத்தையொட்டிக் குளத்தில் தெப்பம். பங்குனிப் பெருவிழாவில் தேரும், அதன் எட்டாம் நாள் அறுபத்துமூவர் வீதியுலாவும். நவராத்திரி நெருங்கும்போது வடக்கு மாட வீதியில் வரிசையாகக் கொலு பொம்மைக் கடைகள். தெற்கு மாட வீதியில் எந்தக் காய்கறிக்காரியிடம் கீரை இளசாயிருக்கும் என்பதும், வெயிற்காலத்தில் எந்தப் பக்கத்து நடைபாதையில் எத்தனை மணி வரைக்கும் நிழல் இருக்கும் என்பதும், குளத்துப் படிகளில் எத்தனை படி வெளியே தெரிந்தால் வீட்டுக் கிணற்றில் நீர் இறங்கிவிட்டது என்று பொருள் என்பதும் அந்த அம்மையார் அறிந்தவை. கோபுரத்தின் உயரத்தை அவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அவர் அறிந்தவற்றுள் ஒன்றேனும் எந்த நகராட்சிப் படத்திலும் குறிக்கப்படுவதில்லை.

அறிவு என்னும் சொல்லை நான் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. அதற்குச் சான்று மயிலாப்பூருக்கு மிகவும் அண்மையிலேயே இருக்கிறது. இன்று தியாகராய நகர் என்று நாம் வழங்கும் பிரதேசம் நூறு வருஷங்களுக்கு முன் நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே மயிலாப்பூர் ஏரி வரையில் தொடர்ந்து நீண்டு கிடந்த அந்த நீர்நிலையை நீண்ட ஏரி என்றே ஆங்கிலேயர் தம் படங்களில் குறித்தனர். 1920 களில், 1920 ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த புதிதில், ஏரியை வற்றச் செய்து மனைகள் வகுத்தார்கள். நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரும், அதன் நடுப் பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயரும் சூட்டப்பட்டன. ஏரிக்கரையின் நினைவு நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை என்னும் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. 1976 இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரி நிலத்தின்மேல் நிற்பதே.

புதிய நகர் அழகாகவே அமைந்தது; அகன்ற வீதிகளும், மரங்களும், தோட்டம் சூழ்ந்த வீடுகளும் அதற்குப் பெருமை தந்தன. ஆயினும் மண் தன் பழைய இயல்பை மறப்பதில்லை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையின்போது அந்நகரின் தெருக்கள் பலவற்றில் நாள்கணக்கில் நீர் நின்றதை நாம் அனைவரும் கண்டோம். அப்போது பலர் வியப்படைந்தார்கள். அங்கே நெடுநாள் குடியிருப்போருக்கோ அதில் வியப்பில்லை. எந்தத் தெருமுனையில் முதலில் நீர் கட்டும், எந்த வீட்டு வாசலுக்கு எப்போது ஏறும், எந்தக் கால்வாய் அடைபட்டால் எந்தப் பக்கம் மூழ்கும் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பார்த்துப் பார்த்து அவர்கள் கற்றிருக்கிறார்கள். பொறியியலாளர் கருவிகளைக்கொண்டு அளக்கும் நிலமட்டத்தை அவர்கள் வாசற்படியைக்கொண்டு அளந்திருக்கிறார்கள். இந்த இரண்டு அளவைகளும் ஒரே மேஜையின் மீது வைக்கப்பட்டால் எத்தனை இன்னல் தவிர்க்கப்படும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதுவரை குடியிருப்போர் எதைக் காண்கிறார்கள் என்பதைச் சொன்னேன். இனி எதை மதிக்கிறார்கள் என்பதற்கு வருவோம். மதிப்பு முழுமையாக வெளிப்படுவது இழப்பிலேதான். அதற்கு மறக்க முடியாத சாட்சி, லிஞ்ச் ஆராய்ந்த அதே பாஸ்டனில் அதே காலத்தில் அழிந்துபோன வெஸ்ட் எண்ட் என்னும் பேட்டை.

இத்தாலியக் குடும்பங்கள் மிகுதியாகவும், யூதரும் போலந்து நாட்டவரும் பிறரும் அவர்களோடு கலந்தும் வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. நெருங்கிய அடுக்கு வீடுகள், குறுகிய தெருக்கள், பழுதடைந்த படிக்கட்டுகள். அதிகாரிகளின் கண்ணில் அது சேரி. 1949 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அளித்த நிதியைக்கொண்டு அதை அடியோடு துடைத்துவிட்டுப் புதிய நகரை நிர்மாணிப்பதே நன்மை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவு நிறைவேறுவதற்குச் சற்று முன்னர், 1957 அக்டோபர் முதல் 1958 மே வரையில், ஹெர்பர்ட் கான்ஸ் என்னும் சமூகவியல் அறிஞர் அங்கேயே வீடு எடுத்துக் குடியிருந்து அந்த மக்களோடு பழகினார். வெளியிலிருந்து பார்த்தபோது சீர்குலைவாகத் தோன்றிய இடத்தில், உள்ளே இருந்து பார்த்தபோது உறவும் ஒழுங்கும் நிறைந்த ஒரு கிராமத்தையே அவர் கண்டார். வாடகை குறைவான இடமெல்லாம் வாழத் தகாத இடம் ஆகிவிடாது என்று 1962 இல் வெளியிட்ட நூலில் அவர் வற்புறுத்தினார். ஆனால் நூல் வருமுன்னரே பேட்டை போய்விட்டது. 1958 இல் வெளியேற்றம் தொடங்கியது. இரண்டே வருஷங்களில் வீடுகள் தரைமட்டமாயின. ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் சிதறின. அந்த மண்ணில் வசதி படைத்தோருக்கான உயர்ந்த மாடிக் கட்டடங்கள் எழுந்தன.

அவ்வாறு சிதறியவர்களைப் பின்தொடர்ந்து சென்று ஆராய்ந்தவர் மார்க் ஃபிரைடு என்னும் உளவியல் அறிஞர். பெயர்வதற்கு முன்னும் பின்னும் அவர்களைச் சந்தித்து விசாரித்து, 1963 இல் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். பெண்களில் 46 சதவிகிதத்தினரும் ஆண்களில் 38 சதவிகிதத்தினரும், நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்தவர்கள் படும் துயரத்துக்கு ஒப்பான கடுந்துயரத்தை அனுபவித்ததை அவர் கண்டார். ஒரு தெருவுக்காகவா இவ்வளவு துக்கம் என்று கேட்பீர்களானால், அதற்கும் விடை அந்த ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. அந்த மக்களுக்கு வீடு என்பது நான்கு சுவர்களோடு முடியவில்லை; படிக்கட்டிலும், வாசலிலும், தெருமுனைக் கடையிலும் வீடு தொடர்ந்து சென்றது. ஜன்னலிலிருந்து எதிர்வீட்டாரோடு சம்பாஷித்ததும், வாசற்படியில் குழந்தைகளைக் கண்காணித்ததும், பெயர் சொல்லிக் கடன் தரும் கடைக்காரரும் சேர்ந்தே அவர்களுடைய இல்லம் ஆயிற்று. ஆகையால் கட்டடத்துக்கு விலை கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணியவர்கள், தாங்கள் எடுத்துக்கொண்டது எதுவென்பதையே அறியவில்லை. அந்தத் திட்டத்தை நிறைவேற்றிய பாஸ்டன் மறுசீரமைப்பு ஆணையமே 2015 இல் மன்னிப்புக் கோரியது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து வந்த அந்த வார்த்தை நேர்மையானதுதான். ஆனால் அது ஒரு படிக்கட்டையும் திருப்பித் தரவில்லை.

இதைத் தூர தேசத்துக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 1970 இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்கு அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டித் தருவது அதன் ஆரம்ப கால முயற்சிகளில் முக்கியமாயிருந்தது. அந்தக் கொள்கையில் மிகுந்த விவேகம் இருந்தது என்று நான் நம்புகிறேன். கூரை மாறியது, உறவும் பிழைப்பும் மாறவில்லை. பின்னர் நிலத்தின் விலை ஏற ஏற, கூவத்தின் கரைகளிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், 2000 ஆம் ஆண்டு முதலாகக் கண்ணகி நகருக்கும், அதன் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அங்கே பலருக்கு முதன்முறையாகக் கல் வீடு கிடைத்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வேலைக்கு நடந்தே சென்று வந்த பெண்களுக்கு அந்த வேலை கைநழுவியது. பிள்ளைகளின் படிப்பு இடையில் அறுந்தது. ஆபத்துக்கு ஓடி வரும் அண்டை வீட்டார் வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரிக்கப்பட்டார்கள். 2020 இல் கண்ணகி நகரின் சுவர்களில் ஓவியர்கள் பெரிய சித்திரங்களைத் தீட்டினார்கள்; அவை கண்ணுக்கு இனியவை, அங்குள்ள இளைஞர் சிலருக்குப் பெருமிதமும் தந்தவை. எனினும் வர்ணம் பூசிய சுவரை மதிப்பதற்கு முன், அந்தச் சுவரடியில் பேருந்து எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதைக் குடியிருப்போர் மதிப்பார்கள். சுற்றுப்புறத்தின் அழகென்பது வாழ்வு எளிதாவதிலிருந்து பிரிந்து நிற்கக்கூடியது அல்ல என்பதை அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டும்.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். குடியிருப்போர் என்று ஒரே குரலாகப் பேசுகிறீர்களே, அவர்கள் எல்லாரும் ஒரே மனம் உடையவர்களா என்று நீங்கள் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. லிஞ்ச் தாம் விசாரித்தவர்களின் தொகை சிறிது என்பதையும், அவர்களுள் உயர்தொழில் செய்வோரே மிகுதி என்பதையும் தாமே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நாம் பின்பற்ற வேண்டும். ஒரே தெருவில் வீட்டுக்காரர் ஒன்றைக் காண்கிறார், குடிக்கூலி கொடுப்பவர் மற்றொன்றைக் காண்கிறார். இரவில் வேலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு முதலில் தெரிவது எரியாத விளக்குக் கம்பம். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிவது பந்தாடத் தகுந்த காலி மனை. முழங்கால் வலியுள்ள முதியவருக்குத் தெரிவது நடைபாதையின் உயரம். தள்ளுவண்டிக்காரருக்கு அந்தத் தெருவே கடை. விடியுமுன் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர் அங்கே குடியிருக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவை அவரைப் போல் அங்குலம் அங்குலமாக அறிந்தவர் வேறு எவரும் இல்லை.

இதைவிடக் கடுமையான உண்மையும் ஒன்று உண்டு. ஒரு சாரார் தம் தெருவின் பெருமை என்று போற்றியது, மற்றொரு சாராரை உள்ளே விடாத வழக்கத்தின் மீது நின்றதுண்டு. கோயிலைச் சுற்றியுள்ள பொது வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே 1924 இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கப்பட்டது; ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே சென்று சிறைப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே பழமையானது, பலர் விரும்புவது என்ற காரணத்தினாலேயே ஒரு தெருவின் சம்பிரதாயம் காக்கத் தகுந்தது ஆகிவிடாது. குடியிருப்போரின் பார்வையைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, வாய் திறந்து பேசப் பழகிய சிலருடைய பார்வையை மட்டும் கேட்டுத் திருப்தியடைவதை நான் கருதவில்லை. யார் குரல் இதுவரை கேட்கப்படவில்லையோ அவர்களிடமிருந்து தொடங்குவதே நீதி.

கருத்து இவ்வாறு பலவாகப் பிரிந்தாலும், ஏறக்குறைய எல்லாரும் உடன்படும் பொருள் ஒன்று இருக்கிறது, அது மரம். சிகாகோ நகரில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பதினாறு மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள், பெரும்பாலும் வறுமையில் வாடிய கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம். பிரான்சஸ் குவோ, வில்லியம் சல்லிவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அங்கேயும் அதைப் போன்ற மற்றொரு குடியிருப்பிலும் யார் எங்கே கூடுகிறார்கள் என்று கவனித்து, 1997 இல் அறிவித்த முடிவு இது: ஒரே மாதிரியான கட்டடங்களுக்கு நடுவே, மரம் உள்ள இடங்களில் ஜனங்கள் அதிகமாகக் கூடினார்கள், அங்கேதான் சிறியவரும் பெரியவரும் கலந்து பழகினார்கள். நம் சென்னை இதை 2016 டிசம்பர் 12 ஆம் தேதி வீசிய வர்தா புயலுக்குப் பின் அறிந்தது. ஆயிரமாயிரம் மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாக நிழலில் நடந்தவர்கள் மறுநாள் தம் தெருவையே அடையாளம் தெரியாமல் நின்றார்கள். தூங்குமூஞ்சி மரமும் வேம்பும் புங்கமும் தங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தன என்பது அடுத்த சித்திரை வெயிலில்தான் முழுமையாகப் புலப்பட்டது.

அப்படியானால் வழி யாது? இந்த அறிவை எப்படித் திரட்டுவது, எப்படிப் பயன்படுத்துவது? அதற்கு முன்மாதிரி தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஓர் அறிஞர் அதை நம் மண்ணில் செய்து காட்டினார். அவர் ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் அவர் 1914 இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, நகரமைப்பைப் பற்றித் தாம் வருஷக்கணக்காகச் சேகரித்த படங்களையும் சித்திரங்களையும் கப்பலில் அனுப்பியிருந்தார். அந்தக் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய அதே எம்டன்தான். கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பியவற்றைக்கொண்டு 1915 இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மாகாணத்தின் ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அவற்றுள் தஞ்சாவூர் அறிக்கை நம் போற்றுதலுக்கு உரியது. நெரிசலான ஒரு பகுதியைச் சுகாதாரமாக்குவதற்காக, இருந்த வீடுகளை இடித்து நேர்கோட்டில் புதிய சந்துகளை வெட்டுவது என்று ஒரு திட்டம் அப்போது வகுக்கப்பட்டிருந்தது. கெடிஸ் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தெருக்களிலேயே கால் நடையாக நடந்தார். வீடு வீடாகப் பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அந்த வெளியைச் சிறு முற்றங்களாக்கி, அங்கே மரம் நட்டு, வளைந்த சந்துகளை வேண்டிய இடத்தில் மட்டும் சிறிது அகலப்படுத்தினால், காற்றும் வெளிச்சமும் வரும், பணமும் மிஞ்சும், குடும்பங்களும் வேரறுந்து போகமாட்டா என்று அவர் நிரூபித்தார். நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி உடலைக் காக்கும் இந்தச் சிகிச்சை முறை அவருடைய பெயரோடு உலகெங்கும் வழங்குகிறது. நம் கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகளை வியந்து போற்றியவரும் அவரே. தெருவின் அகலத்தைத் தேரின் அகலமே நிர்ணயித்திருந்ததால், ஆக்கிரமிப்பவர் கை அங்கே நீளாமல், ஊரார் அனைவரின் பொதுச் சொத்தாக அந்த வீதிகள் தலைமுறைதோறும் காக்கப்பட்டு வந்தன அல்லவா? மதிப்பு என்பது சட்டத்தைக் காட்டிலும் வலிய காவல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கெடிஸ் நமக்கு விட்டுச் சென்ற உபதேசம் எளியது: முதலில் நட, பின்னர் கேள், அதன் பிறகே கோடு போடு. இந்த வரிசை மாறும்போதெல்லாம் வெஸ்ட் எண்ட் போன்ற விபரீதங்கள் விளைகின்றன.

இதை இன்று நடைமுறைப்படுத்த நமக்குப் புதிய சாதனங்கள் ஒன்றும் தேவையில்லை. கிராமங்களில் கிராம சபை கூடுவது போல, நம் நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. அங்கே குழாய் அடைப்பையும் குப்பைத் தொட்டியையும் பற்றிய முறையீடுகள் எழுவது அவசியமே. அவற்றோடு இன்னொரு காரியமும் நடைபெற வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு பகுதியிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது, வார்டு உறுப்பினரும் பொறியியலாளரும் குடியிருப்போரோடு சேர்ந்து தெருத்தெருவாக நடக்கட்டும். ஒரு நடை பகலிலும் மற்றொரு நடை விளக்கு வைத்த பின்னும் இருக்கட்டும். பெண்களும், பிள்ளைகளும், முதியோரும், நடைபாதை வியாபாரிகளும், தூய்மைப் பணியாளரும் தனித்தனியே தங்கள் படத்தை வரையட்டும். எந்த மரம், எந்தத் திண்ணை, எந்தக் கிணறு, எந்தப் பேருந்து நிறுத்தம் தங்களுக்கு இன்றியமையாதது என்பதையும், எந்த மூலை அச்சம் தருகிறது, எந்தச் சந்தில் நீர் தங்குகிறது என்பதையும் அவர்கள் குறிக்கட்டும். அந்தப் படங்கள் அலுவலகத்தில் நில அளவைப் படத்தோடு ஒன்றாக வைக்கப்பட்டு, எந்தச் சாலையை அகலப்படுத்தும் முன்பும், எந்த மரத்தை வெட்டும் முன்பும், எந்தக் குடும்பத்தைப் பெயர்க்கும் முன்பும் எடுத்துப் பார்க்கப்பட வேண்டும். அவை ஒன்றோடொன்று முரண்பட்டால் அந்த முரண்பாட்டைச் சபையிலேயே பகிரங்கமாகப் பேசித் தீர்க்க வேண்டும். மறைவில் தீர்மானித்துவிட்டுப் பின்னர் அறிவிப்பது ஜனநாயகம் ஆகாது.

இதனால் காரியங்கள் தாமதமாகும் என்று சிலர் அஞ்சுவார்கள். தாமதம் சிறிது நேரத்தான் செய்யும். ஆனால் கேளாமல் இடித்துவிட்டு அரை நூற்றாண்டுக்குப் பின் மன்னிப்புக் கேட்பதைவிட, இடிக்குமுன் சில மாதங்கள் கேட்டு அறிவது நாட்டுக்கு மிகவும் சிக்கனமான வழி. நீர் நின்ற பிறகு மோட்டார் வைத்து இறைப்பதைவிட, நீர் எங்கே நிற்கும் என்று அறிந்த மூதாட்டியை முன்கூட்டியே விசாரிப்பது எளிது.

இங்கே கூடியிருக்கும் உங்களுள் அதிகாரிகள் இருக்கலாம், நகரமைப்பு பயிலும் மாணவர்கள் இருக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னே நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தெருவின் குடிகள். உங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல உங்களைவிட உரிமை உடையவர் இல்லை. அதைச் சொல்லாமல் இருப்பது அடக்கமாகத் தோன்றலாம். நகரத்துக்கோ அது நஷ்டம். ஆகவே அடுத்த பகுதி சபை கூடும்போது தவறாமல் செல்லுங்கள். நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். அங்கே வந்து பேசத் தயங்கும் அண்டை வீட்டாரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.